பிரஸ்ஸல்ஸில் அரை நாள்: கான்டியோன் ஆலையில் புளிப்பு பியரை எப்படி ருசிப்பது?

கேள்வி: அலுவலக வேலையாக ஒரு வாரம் பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸ் போகிறேன். அங்கே உள்ள கான்டியோன் என்ற சிறிய பியர் ஆலைக்குக் கட்டாயம் போ, உள்ளேயே ருசி பார்க்கவும் தருவார்கள் என்கிறான் நண்பன். நான் இதுவரை குடித்ததெல்லாம் ஊரில் கிடைக்கும் சாதாரண லாகர்தான். புளிக்கும் பியர் என்று கேள்விப்பட்டதும் தயக்கமாக இருக்கிறது. ஒரு அரை நாள் ஒதுக்கலாமா? அங்கே என்ன நடக்கும்? எப்படிக் குடிக்க வேண்டும்?

பதில்:

கட்டாயம் போங்கள். பியர் குடிக்கப் போகிறோம் என்ற நினைப்பை மட்டும் ஹோட்டல் அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அந்த நினைப்போடு போகிறவர்கள்தான் முதல் வாயிலேயே முகத்தைச் சுளித்துக் கிளாஸைக் கீழே வைக்கிறார்கள். கள்ளும் மோரும் பழைய சோற்றுத் தண்ணீரும் தெரிந்த ஊரிலிருந்து வருகிறோம் என்று நினைத்துக்கொண்டு போனால், அந்த ஆலை உங்களுக்கு வேறு மாதிரி பேசும்.

நான் பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயிலில் அரை மணி நேரத் தொலைவில் இருக்கும் லூவனில் எட்டு வருடங்களாக வசிக்கிறேன். ஸ்டெல்லா ஆர்ட்வா என்ற பியர் பிறந்த ஊர் இது. ஊரிலிருந்து வரும் நண்பர்கள், உறவுக்காரர்கள் என்று பலரைக் கான்டியோனுக்கு அழைத்துப் போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அதே படிக்கட்டு, அதே பீப்பாய்கள்தான். ஆனால் ஒரு தடவைகூட சலித்ததில்லை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரஸ்ஸல்ஸின் பெரிய ரயில் நிலையமான மிடியிலிருந்து நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடம். பகுதியின் பெயர் அண்டர்லெக்ட். சுற்றுலாப் பயணிகள் வரும் பகுதி இல்லை. மொராக்கோ நாட்டவர் கடைகள், கார் பட்டறைகள், துணிக் கடைகள் என்று உழைக்கிற மக்கள் வாழும் தெருக்கள். ஆலையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பழைய கிடங்கு போலத்தான் இருக்கும். முதல் தடவை நான் அதைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். மிடி நிலையத்தைச் சுற்றிப் பையையும் கைப்பேசியையும் கொஞ்சம் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள். வேறு பயம் ஒன்றும் வேண்டாம்.

1900இல் பால் கான்டியோன் என்பவர் தொடங்கியது. ஆரம்பத்தில் அவர் காய்ச்சவில்லை. மற்ற ஆலைகளிலிருந்து வாங்கிப் பீப்பாயில் வைத்து, கலந்து, பாட்டிலில் அடைத்து விற்றார். சொந்தமாகக் காய்ச்ச ஆரம்பித்தது 1930களின் கடைசியில். அப்புறம் அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டிய மருமகன் ஜான் பியர் வான் ராய் பொறுப்பேற்றார். அவர் காலம் மிகக் கஷ்டமான காலம். மக்கள் நாக்கு இனிப்புக் குளிர்பானங்களுக்குப் பழகிவிட்டிருந்தது. புளிப்பு பியர் வேண்டாம் என்றார்கள். பல ஆலைகள் இனிப்பூட்டி விற்க ஆரம்பித்தன, பல ஆலைகள் மூடிக்கொண்டன. இவர் இனிப்புச் சேர்க்க மறுத்தார். அதற்குப் பதில் 1978இல் ஆலையின் கதவைத் திறந்துவிட்டு, இதுவே ஒரு அருங்காட்சியகம், வந்து பாருங்கள் என்றார். நீங்கள் போகப்போகும் அந்த ருசிக்கூடம் இப்படித்தான் உண்டானது. சரக்கை விளம்பரம் செய்ய ஒரு கவுண்டர் என்று அதைத் தொடங்கவில்லை. காணாமல் போய்க்கொண்டிருந்த ஒரு ருசியை ஊருக்கு மறுபடி பழக்குவதற்காகத் திறந்தார்கள். இப்போது காய்ச்சுகிறவர் அவருடைய மகன் ழான் வான் ராய்.

சரி, இந்த பியரில் அப்படி என்ன இருக்கிறது? இதைப் புரிந்துகொண்டு போனால்தான் ஆலை புரியும்.

நீங்கள் குடித்திருக்கும் லாகரில் ஈஸ்டை மனிதர்கள்தான் சேர்க்கிறார்கள். 1883இல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து தூய ஈஸ்டை வளர்த்துக் காட்டினார். அதற்குப் பிறகு உலகம் முழுக்க அந்த வழிக்கு மாறிவிட்டது. எந்த ஊரில் காய்ச்சினாலும் ஒரே ருசி, வேறு எந்தக் கிருமியும் உள்ளே வரக்கூடாது. அதில் தப்பில்லை, நல்ல லாகர் நல்ல லாகர்தான். ஆனால் பிரஸ்ஸல்ஸையும் அதன் தென்மேற்கே உள்ள கிராமங்களையும் ஒட்டி, ஸென் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஒரு சில ஆலைகள் மட்டும் அந்த வழிக்குப் போகவில்லை. அவர்கள் ஈஸ்ட் சேர்ப்பதே இல்லை. காய்ச்சிய கஞ்சியை ஒரு இரவு திறந்து வைக்கிறார்கள். மற்றதை அந்த இடமே பார்த்துக்கொள்கிறது. இதற்கு லாம்பிக் என்று பெயர்.

நமக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது, சொல்லுங்கள்! சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினால் பதநீர். சுண்ணாம்பு இல்லாத கலயத்தில் இறக்கினால் கள். கள்ளில் யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. பாளையிலும் கலயத்திலும் காற்றிலும் இருப்பது தானாக வேலை செய்கிறது. இட்லி மாவும் அப்படித்தான். அரைத்து உப்புப் போட்டு மூடி வைத்தால் காலையில் பொங்கி நிற்கிறது. ஐரோப்பியர்களுக்கு இந்த ஆலையில் பெரிய மர்மமாகச் சொல்லப்படுகிற விஷயம் நம் வீட்டு அடுப்படியில் தினமும் நடப்பதுதான். இதைத் தாழ்த்திச் சொல்லவில்லை. இது எவ்வளவு நுட்பமான காரியம் என்பது, மார்கழியில் மாவு பொங்காமல் தவித்த நமக்குத்தான் நன்றாகத் தெரியும் என்கிறேன்.

உள்ளே போனதும் சீட்டு வாங்கிக்கொண்டால் ஒரு சிறு கையேடு தருவார்கள். பெரும்பாலும் நாமே சுற்றிப் பார்க்க வேண்டியதுதான். அதுவும் நல்லது, நின்ற இடத்தில் வேண்டிய நேரம் நிற்கலாம். கீழ்த்தளத்தில் தானியத்தை வெந்நீரில் ஊறவைத்துக் கலக்கும் பெரிய தொட்டி இருக்கிறது. ஒரு தடவைக்கு 1,300 கிலோ தானியம். அதில் 850 கிலோ முளைகட்டிய பார்லி, 450 கிலோ முளைகட்டாத கோதுமை. கோதுமையை முளைகட்டாமல் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. அதிலிருந்து இறங்கும் மாவுச்சத்து சாதாரண ஈஸ்டுக்குச் செரிக்காது. பீப்பாயில் பின்னால் வரப்போகிற வேறு ஈஸ்ட்டுக்கு, ஒன்றிரண்டு வருடம் கழித்துத் தின்ன, அது மிச்சம் இருக்கும்.

அடுத்த தளத்தில் கொதிக்கவைக்கும் செப்பு அண்டாக்கள். சுமார் 10,000 லிட்டரில் தொடங்கி 7,500 லிட்டராகச் சுண்டும் வரை மணிக்கணக்கில் கொதிக்கும். பியருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் என்ற கொடிப் பூவை இங்கேதான் சேர்க்கிறார்கள். மற்ற ஆலைகள் புதிய ஹாப்ஸைத் தேடி வாங்கும். இவர்கள் இரண்டு மூன்று வருடம் பழசாகி, வாசனையும் கசப்பும் போன ஹாப்ஸைச் சேர்க்கிறார்கள். ஹாப்ஸுக்குக் கெட்ட பாக்டீரியாவைத் தடுக்கும் குணம் உண்டு. அந்தக் குணம் மட்டும் வேண்டும், கசப்பு வேண்டாம். புளிப்பும் கசப்பும் ஒரே கிளாஸில் சேர்ந்தால் நாக்குக்குப் பிடிக்காது என்பதுதான் காரணம்.

இப்போது மர ஏணிப்படி மாதிரி இருக்கும் செங்குத்தான படியில் மேலே ஏறுங்கள். கூரைக்கு நேர் கீழே, அகலமாக, முழங்கால் ஆழம்கூட இல்லாத ஒரு செப்புத் தொட்டி. கூல்ஷிப் என்பார்கள். அதைச் சுற்றிப் பழைய மர உத்தரங்கள், ஓட்டுக் கூரை, காற்று வருவதற்குத் திறப்புகள். ஆலை முழுவதிலும் நான் அதிக நேரம் நிற்கும் இடம் இதுதான். கொதித்த கஞ்சியை மாலையில் இதில் ஏற்றி இரவு முழுக்க ஆறவிடுவார்கள். காலையில் அது 20 டிகிரிக்கு வந்திருக்கும். அந்த ஓர் இரவில் என்னென்ன வந்து விழுந்ததோ, அதுதான் மூன்று வருடம் கழித்துக் கிளாஸில் வரப்போகிறது.

மூன்று வருடத்துக்கு முன் என் மாமனாரை இங்கே அழைத்து வந்தேன். உடன்குடிப் பக்கத்துக்காரர். சின்ன வயதில் பனங்காட்டிலேயே வளர்ந்தவர். மற்ற இடங்களில் எல்லாம் சும்மா தலையாட்டிக்கொண்டு வந்தவர், இந்தத் தொட்டி முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். உத்தரத்தைத் தடவிப் பார்த்தார், விரலை முகர்ந்தார். "மாப்ள, இத தேச்சுக் கழுவ மாட்டாங்கள்லா?" என்று கேட்டார். செப்புத் தொட்டியைக் கழுவுவார்கள், மரத்தையும் கூரையையும் தொட மாட்டார்கள் என்றேன். "அதான. புதுக் கலயத்துல கள்ளு சட்டுனு ஏறாது. பழைய கலயம்னா அதுவே இழுத்துக்கிடும்" என்றார். கையேட்டில் ஒரு எழுத்துகூடப் படிக்காமல் இந்த ஆலையின் உயிர் எங்கே இருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டார். வந்து விழும் கிருமிகள் காற்றில் மட்டும் இல்லை. பல பத்து வருடமாக அந்த நீராவி பட்டுப் பட்டு ஊறிய மரத்திலும், பீப்பாய்ப் பலகையின் இடுக்கிலும் குடியிருக்கின்றன. லாம்பிக் ஆலைக்காரர்கள் கூரையை மாற்றப் பயப்படுவது இதனால்தான்.

இந்த வேலையை வருடம் முழுக்கச் செய்ய முடியாது. அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரைதான் காய்ச்சுவார்கள். வெயில் காலத்து இரவில் திறந்து வைத்தால் வேண்டாத பாக்டீரியா முந்திக்கொள்ளும். மே மாதம் வெளியே வைத்த மாவு காலையில் என்ன கதியில் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். 2015 நவம்பரில் இரவுகள் வழக்கத்துக்கு மாறாகச் சூடாக இருந்ததால் காய்ச்சுவதை இடையில் நிறுத்த வேண்டி வந்தது. வெப்பநிலை ஏறுவதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்தத் தொட்டிதான் ஞாபகம் வரும். இரவின் குளிரை மட்டுமே நம்பி ஒரு தொழில் நடக்கிறது. நீங்கள் போவது குளிர்காலம் என்றால், காய்ச்சும் நாள் அமைந்தால், ஆலை முழுக்க நீராவியும் வெந்த தானிய வாசனையும் நிறைந்திருக்கும். கோடையில் போனால் தொட்டி காலியாக, பளபளவென்று இருக்கும். அப்போதும் பார்க்க வேண்டியதுதான்.

அங்கிருந்து பீப்பாய்க் கூடம். ஒயினும் கோன்யாக் பிராந்தியும் இருந்து வந்த பழைய ஓக் பீப்பாய்கள் வரிசையாக அடுக்கியிருக்கும். முதல் சில நாட்களில் பீப்பாயின் வாயிலிருந்து நுரை பொங்கி வழியும். ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவார்கள். அடங்கியதும் மூடுவார்கள். உள்ளே நடப்பது ஒரு நீண்ட கதை. பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இந்த ஆலையின் பீப்பாய்களிலிருந்தே இரண்டு வருடம் மாதிரி எடுத்துப் பார்த்து 2014இல் கட்டுரை வெளியிட்டார்கள். முதல் மாதம் குடல் பாக்டீரியாக் குடும்பத்தைச் சேர்ந்தவை ஆளுகின்றன. அப்புறம் நமக்குப் பழக்கமான ஈஸ்ட் வந்து சர்க்கரையைச் சாராயமாக்குகிறது. அதோடு சேர்ந்து புளிப்பு தரும் பாக்டீரியா வருகிறது. அரை வருடம் போனதும் பிரெட்டனோமைசிஸ் என்ற மெதுவான ஈஸ்ட் பொறுப்பேற்கிறது. அதில் ஒரு இனத்துக்குப் பெயரே புரூக்செல்லென்சிஸ், பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்தது என்று அர்த்தம். மற்றவை தின்ன முடியாமல் விட்டதை எல்லாம் இது தின்று தீர்க்கும். அதனால்தான் இந்த பியரின் அடியில் இனிப்பே இருக்காது. மூன்று வருடத்தில் ஐந்தில் ஒரு பங்கு பீப்பாய் மரத்தின் வழியே ஆவியாகியும் போய்விடும்.

இந்தக் கூடத்தில் மூலை முடுக்கெல்லாம் சிலந்தி வலை இருக்கும். அசிங்கம் என்று நினைக்காதீர்கள். பழமும் நொதித்த வாசனையும் இருக்கும் இடத்தில் ஈக்கள் மொய்க்கும். மருந்தடித்தால் பீப்பாயில் உள்ளதும் கெட்டுப்போகலாம். ஆகவே சிலந்தியைக் கொல்லக்கூடாது, வலையைக் கலைக்கக்கூடாது என்பது அங்கே கண்டிப்பான வழக்கம்.

இனி நீங்கள் கேட்ட விஷயம், ருசிக்கூடம். சுற்றி முடித்துக் கீழே வந்தால் நுழைவாயில் பக்கத்திலேயே பீப்பாய்களை மேசையாகப் போட்டிருப்பார்கள். நுழைவுக் கட்டணத்திலேயே ருசி அடக்கம். முதலில் வருவது பெரும்பாலும் கலக்காத லாம்பிக். ஜாடியிலிருந்து சின்னக் கிளாஸில் ஊற்றுவார்கள். நுரை இருக்காது, குமிழி இருக்காது. நீர்த்த தேன் நிறம். பியர் என்று நினைத்துப் பார்த்தால் ஏதோ ஆறிப்போனதைக் கொடுத்துவிட்டார்கள் என்று தோன்றும். மரப் பீப்பாய் காற்றை விட்டுவிடும், அதில் வாயு தங்காது, அவ்வளவுதான்.

உடனே குடிக்காதீர்கள். முகர்ந்து பாருங்கள். எலுமிச்சைத் தோல், வெட்டிய பச்சை ஆப்பிள், காய்ந்த வைக்கோல், மாட்டுத் தொழுவத்துப் பக்கம் போனால் வருமே அந்த வாசனை, பழைய மர அலமாரி. எல்லாருக்கும் எல்லாம் தெரியாது, இரண்டு தெரிந்தாலே போதும். அப்புறம் ஒரு சின்ன வாய். நாக்கின் இரண்டு ஓரமும் சுருங்கும். உப்பும் மிளகாய்ப் பொடியும் இல்லாத மாங்காய்க் கீற்றைக் கடித்த மாதிரி இருக்கும். இந்த இடத்தில் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். நாக்கு இனிப்பும் கசப்பும் எதிர்பார்த்துக் காத்திருந்தது, புளிப்பு வந்துவிட்டது. அந்த அதிர்ச்சிதான் அது. ஒரு நிமிடம் விடுங்கள். இரண்டாவது வாயில் புளிப்பு பாதியாகத் தெரியும். மூன்றாவது வாயில்தான் அதற்குப் பின்னால் இருக்கும் கோதுமையும் மரமும் தெரிய ஆரம்பிக்கும். அழைத்துப் போன எல்லாரிடமும் நான் சொல்வது இதுதான்: மூன்று வாய் வரைக்கும் பேசாதீர்கள். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் அதற்குள் உள்ளே வந்துவிடுகிறார்கள். மீதிப் பேருக்குப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை, அதுவும் நேர்மையான பதில்தான்.

என் மாமனார் மூன்று வாய்க்கும் காத்திருக்கவில்லை. முதல் வாயிலேயே, "மூணாம் நாள் கள்ளு. ஆனா நல்லாத் தெளிஞ்சிருக்கு" என்றார். கிளாஸைக் காலி செய்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

அடுத்தது கூஸ். இந்த வீட்டின் பெருமை இதுதான், இதைக் குடிக்காமல் வராதீர்கள். ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் ஆன லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைப்பார்கள். மூன்று வருடத்தது ருசியையும் ஆழத்தையும் தருகிறது. ஒரு வருடத்ததில் இன்னும் தீராத சர்க்கரை இருக்கிறது. அந்தச் சர்க்கரை பாட்டிலுக்குள் மறுபடி நொதித்து வாயுவாகிறது. வெளியிலிருந்து ஒரு சிட்டிகை சர்க்கரைகூடப் போட வேண்டியதில்லை. எந்தப் பீப்பாயோடு எந்தப் பீப்பாய் சேரும் என்று முடிவு செய்வது முழுக்க நாக்கு. ஒவ்வொரு பீப்பாயும் ஒவ்வொரு விதமாக வந்திருக்கும். காய்ச்சுவதைவிட இந்தக் கலப்புதான் பெரிய வித்தை என்பது என் கருத்து. ஒரு பீப்பாய் கடுமையாக இருக்கும், ஒன்று சப்பென்று இருக்கும். இரண்டும் சேர்ந்தால் இரண்டிலும் இல்லாத ஒன்று வரும். நம் வீட்டுப் பெரியவர்கள் பழைய புளியையும் புதுப் புளியையும் கலந்து கரைப்பார்கள், அந்தக் கைப்பக்குவம்தான் இது.

பரிமாறும் விதத்தையும் கவனியுங்கள். கூஸ் பாட்டிலை நிமிர்த்தி வைக்க மாட்டார்கள். நிலவறையில் படுத்துக் கிடந்த பாட்டிலை அப்படியே ஒரு சாய்ந்த பிரம்புக் கூடையில் வைத்து, படுத்த வாக்கிலேயே மூடியைத் திறந்து, மெல்லச் சாய்த்து ஊற்றுவார்கள். அடியில் படிந்த ஈஸ்ட் வண்டல் கலங்கக்கூடாது என்பதற்காக. முதல் தடவை பார்க்கும்போது தொட்டில் குழந்தையை எழுப்பாமல் தூக்குவது போல இருந்தது. நுரை வெள்ளையாகப் பொங்கி அடங்கும். லாம்பிக்கில் முரட்டுத்தனமாக இருந்த புளிப்பு, குமிழியோடு வரும்போது எலுமிச்சை சோடா மாதிரி துள்ளிக்கொண்டு வரும். கடைசியில் தொண்டை நன்றாகக் காய்ந்து, உடனே அடுத்த வாய் கேட்கும்.

பழம் சேர்த்தவற்றை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். க்ரீக் என்பது புளிப்புச் செர்ரி. ஒரு லிட்டருக்கு 200 கிராம் பழம் போட்டு மாதக்கணக்கில் ஊறவைக்கிறார்கள். ரோஸே த காம்ப்ரினுஸில் ராஸ்பெர்ரி. சில சமயம் ஆப்ரிகாட் போட்டதும் திராட்சை போட்டதும் இருக்கும். நிறத்தைப் பார்த்து ஜூஸ் என்று நினைக்காதீர்கள். பழத்தின் சர்க்கரையையும் ஈஸ்ட் தின்றுவிட்டது. மணமும் நிறமும் பழத்தின் புளிப்பும்தான் மிச்சம். சூப்பர்மார்க்கெட்டில் க்ரீக் என்று தித்திப்பாக ஒன்று விற்பார்கள். அதைக் குடித்துவிட்டு இங்கே வருகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். மற்ற ஆலைகளின் பாட்டிலை வாங்கும்போது 'அவ்டே' என்ற டச்சுச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய முறையில், இனிப்பூட்டாமல் செய்தது என்பதற்கு அடையாளம் அது.

இந்தக் கூடத்தில் பாட்டில் வாங்கி உட்கார்ந்து குடிக்கவும் செய்யலாம். சில வகைகளை அங்கேயே குடிக்கத்தான் தருவார்கள், வீட்டுக்குக் கொண்டுபோகத் தர மாட்டார்கள். 75 சென்டிலிட்டர் பாட்டில் ஒரு ஆளுக்கு அதிகம். இரண்டு மூன்று பேராகப் போனால் பங்கிட்டு நாலைந்து வகை பார்க்கலாம். தனியாகப் போகிறீர்கள் என்றாலும் கவலையில்லை. பக்கத்துப் பீப்பாயில் நிற்பவர்கள் பெரும்பாலும் இதற்காகவே தூரத்திலிருந்து வந்தவர்களாக இருப்பார்கள். நீங்கள் கிளாஸை நீட்டி ஒரு கேள்வி கேட்டால் அவர்கள் தங்கள் பாட்டிலிலிருந்து ஊற்றுவார்கள். நான் முதல் தடவை தனியாகப் போனபோது டச்சு பேசும் ஒரு வயதான ஃபிளெமிஷ் தம்பதியர் அப்படித்தான் எனக்குக் கூஸ் ஊற்றினார்கள். பிரெஞ்சு தெரியாவிட்டால் ஆங்கிலம் போதும். கவுண்டரில் இருப்பவர்கள் பொறுமையாக விளக்குவார்கள். எனக்கு எல்லாவற்றிலும் ஒன்று கொடுங்கள் என்று கேட்பதைவிட, இப்போதுதான் முதல் தடவை, எது அதிகம் புளிக்காது என்று கேளுங்கள்.

போதை பற்றிப் பெரிதாகப் பயப்பட வேண்டாம். லாம்பிக் சுமார் 5 சதவீதம், நீங்கள் குடித்த லாகர் அளவுதான். ஆனால் வயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெறும் வயிற்றில் போகாதீர்கள். அல்சர், நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் ஒரு கிளாஸோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பிரஸ்ஸல்ஸ்காரர்கள் இதற்குப் பழைய துணை ஒன்று வைத்திருக்கிறார்கள். கட்டியான ரொட்டித் துண்டின் மேல் உப்பில்லாத வெண்மையான புதுப் பாலாடைக்கட்டி, அதன் மேல் சீவிய சிவப்பு முள்ளங்கியும் வெங்காயத்தாளும். ஊரில் ஏதாவது பழைய கஃபேயில் இது கிடைக்கும். முள்ளங்கியின் காரத்துக்குப் பின் கூஸ் ஒரு வாய் குடித்தால் ஏன் இதைக் கண்டுபிடித்தார்கள் என்று புரியும்.

நேரம் என்று பார்த்தால், சுற்ற ஒரு மணி, ருசிக்க ஒரு மணி, போக வர எல்லாம் சேர்த்து அரை நாள் சரியாக இருக்கும். மூடியிருக்கும் நாட்கள் உண்டு, நேரமும் மாறும். ஆகவே கிளம்புவதற்கு முன் ஆலையின் இணையதளத்தில் பார்த்து, முன்பதிவு வேண்டுமா என்றும் உறுதி செய்துகொள்ளுங்கள். காலை நேரமே போய்விடுவது நல்லது, மதியத்துக்கு மேல் கூட்டம் வரும். நாக்கும் காலையில்தான் சுத்தமாக இருக்கும். போவதற்கு முன் காபியும் புதினா மிட்டாயும் வேண்டாம். செண்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள், உங்கள் மூக்கையும் பக்கத்தில் நிற்பவர் மூக்கையும் அது கெடுக்கும். உள்ளே ஹீட்டர் போட்ட கட்டடம் இல்லை, குளிர்காலத்தில் ஜாக்கெட்டைக் கழற்ற மனசு வராது. படிகள் செங்குத்து, முட்டி வலி உள்ள பெரியவர்களை மெல்ல அழைத்துப் போங்கள்.

ஒருவேளை நீங்கள் இருக்கும் நாட்களில் ஆலை மூடியிருந்தால் மனம் தளர வேண்டாம். பிரஸ்ஸல்ஸிலேயே மூடர் லாம்பிக் என்ற பாரில் இந்த வகைகள் கிளாஸ் கணக்கில் கிடைக்கும். நகருக்கு வெளியே லெம்பேக்கில் போன் ஆலையும், லோட் என்ற ஊரில் த்ரீ ஃபொன்டெய்னன் ஆலையின் ருசிக்கூடமும் இருக்கின்றன, ரயிலிலேயே போகலாம். ருசி அங்கேயும் அருமையாக இருக்கும். ஆனால் அந்தக் கூரையையும் தொட்டியையும் இவ்வளவு பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு கான்டியோனில்தான். அதனால் முதலில் அங்கே முயற்சி செய்யுங்கள்.

கடைசியாக, ஊருக்கு எடுத்துப்போவது. இந்தியச் சுங்க விதிப்படி ஒருவர் 2 லிட்டர் வரை வரியில்லாமல் மது கொண்டுபோகலாம். 75 சென்டிலிட்டர் பாட்டில் இரண்டு என்றால் அந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும். ஒன்று கூஸ், ஒன்று க்ரீக் வாங்குங்கள். உள்ளே அழுத்தம் அதிகம், ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியாக லுங்கியிலோ ஸ்வெட்டரிலோ நன்றாகச் சுற்றி, செக்-இன் பெட்டியின் நடுவில் வையுங்கள். வீட்டுக்குப் போனதும் திறந்துவிடாதீர்கள். வெளிச்சமும் சூடும் படாத இடத்தில் படுக்க வைத்து, ஒரு வாரமாவது வண்டல் அடங்க விடுங்கள். நன்றாக வைத்தால் கூஸ் இருபது வருடம்கூட இருக்கும், ஆனால் சென்னை வெயிலில் அந்தச் சோதனை வேண்டாம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, மிளகாய்ப் பொடி அதிகம் போடாமல் வறுத்த வஞ்சிரத்தோடு திறங்கள். மீனுக்கு எலுமிச்சை பிழிய வேண்டியிருக்காது.